குடும்பநல மாதும் கணினியும்

திருகோணமலைத் துறைமுகத்தை உலகம் அறியும். அத்துறைமுக நகரின் புறத்தே உள்ள அன்புவழிபுரத்தை அயலூரார் அன்றிப் பிறர் அறிவது அரிது. அவ்வூர் ஒழுங்கைகளில், வெயில் ஏறுமுன்னர், தோளிற் பையும் கையிற் குடையுமாக வந்து, படலையடியில் நின்று, "தங்கச்சி, வீட்டிலே இருக்கிறீங்களா?" என்று குரல் கொடுக்கும் அம்மையார் ஒருவரைக் காணலாம். அரசாங்கக் கடிதங்களில் அவர் குடும்பநல உத்தியோகத்தர். அதற்கு முன்னர் மருத்துவமாது என்றனர். குடும்பநல மாது என்பாரும் உளர். ஊரார் இப்பெயர்கள் எதனையும் பொருட்படுத்தாது "மிட்வைஃப் மிஸ்ஸி" என்றே அழைப்பர். பிறநாடுகளிற் சமூகத் தாதி எனப்படுவார் செய்யும் பணியை நம் நாட்டில் வீடு வீடாகச் சென்று ஆற்றுபவர் இவரே. இவருக்குக் கணினி அறிவு எவ்வளவு வேண்டும், அதனை எவ்வாறு புகட்டுதல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பள்ளிக்கூட அதிபருக்கு மருத்துவத் துறையில் என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். மருந்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனாற் பயிற்சி என்று ஒன்று நடக்குமாயின், அது நன்றாக நடக்கிறதா, பெயருக்கு நடக்கிறதா என்று பார்ப்பதற்கு முப்பது ஆண்டு வெண்கட்டி பிடித்த கைக்குச் சிறிது உரிமை உண்டு.

முதலில் இப்பணியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1926ஆம் ஆண்டு, ரொக்கபெல்லர் நிதியத்தின் துணையோடு, களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று காத்திராது, சுகாதாரம் வீட்டு வாசலைத் தேடிச் செல்லவேண்டும் என்பது அதன் கருத்து. அந்நாளில் நிலைமை எவ்வாறு இருந்தது? 1930களில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது தாய்மார் 2,000 பேருக்கு மேல் இறந்தனர். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை முப்பது, நாற்பது என்ற அளவில் நிற்கின்றது. மலேரியாவை அடக்கியது, பெண்களுக்குக் கல்வி கிடைத்தது, குருதி ஏற்றும் வசதி வந்தது, பிரசவம் வைத்தியசாலைக்கு மாறியது எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இன்ன ஒழுங்கையில் இன்ன வீட்டில் இன்ன பெண் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்த ஒருவர் ஊர்தோறும் இருந்தமை. அறிந்தது மட்டுமன்று, அதனை எழுதியும் வைத்தார்.

அந்த எழுத்துத்தான் நம் பேச்சின் நடுவிடம். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு குடும்பநல மாது என்பது கணக்கு. அம்மக்களுள் மணமானோர் எத்தனை பேர், கர்ப்பிணிகள் எத்தனை பேர், பிறந்த குழந்தைகள் எத்தனை, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போடப்பட்டது, யாருக்குத் திரிபோஷா கொடுக்கப்பட்டது என்பனவெல்லாம் அவருடைய பதிவேடுகளில் இருக்கும். தாயிடம் கர்ப்பகாலப் பதிவட்டை. குழந்தை பிறந்தபின் 'பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு'. நம் நாட்டுத் தாய்மார் பிள்ளையின் அந்தப் புத்தகத்தைப் பேணுவது போல வேறு எந்த அரசாங்கக் காகிதத்தையும் பேணுவதில்லை. முதலாம் வகுப்பிற் சேர்க்க வரும்போது, கேளாமலே அதனையும் எடுத்து நீட்டும் தாய்மாரை ஆண்டுதோறும் காண்கிறேன்.

மாத முடிவில் குடும்பநல மாது தம் பதிவேடுகளை எண்ணிக் கூட்டி அறிக்கை எழுதுவார். அது சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குச் செல்லும். அங்கிருந்து பிரதேசக் கணக்காகத் திரண்டு, 1968இல் நிறுவப்பெற்ற கொழும்புக் குடும்ப சுகாதாரப் பணியகத்தை அடையும். முன்னர் இப்பயணம் முழுவதும் காகிதத்தில் நிகழ்ந்தது. கடந்த பத்தாண்டுகளில், பணிமனையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பாதை இணையத்துக்கு மாறிவிட்டது. டி.எச்.ஐ.எஸ்.2 என்னும் மென்பொருளின்மீது அது கட்டப்பட்டது. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் அந்நாட்டுச் சுகாதாரக் கணக்குகளைத் திரட்டுவதற்கெனத் தோன்றி, நோர்வே நாட்டு ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மென்பொருள் அது. இலவசமானது, இன்று பல பத்து நாடுகளிற் பயன்படுவது. 2020 ஜனவரியிற் கொரோனா நோய் வருமென்று அறிந்தவுடன், நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிந்து பின்தொடர்வதற்கு ஒரு பகுதியை இதே மென்பொருளில் விரைந்து ஆக்கியவர் நம் நாட்டு வல்லுநரே. அதனைப் பார்த்துப் பிற நாடுகளும் எடுத்தாண்டன. ஆகவே நம்மிடம் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்லற்க. கொழும்பில் இருக்கும் ஆற்றல் ஒழுங்கைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதே கேள்வி.

ஒழுங்கையில் நடப்பது இதுதான். குடும்பநல மாது கையால் எழுதுகிறார், கையால் எண்ணுகிறார், தாளைக் கொடுக்கிறார். பணிமனையில் இருப்பவர் அதனைக் கணினியில் இடுகிறார். எண்கள் மேலே போகின்றன. மேலே போனவை கீழே திரும்பி வருவது அருமை. தாம் பதினைந்து ஆண்டு அனுப்பிய எண்கள் தம் ஊரைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை ஒரு வரைபாகக்கூடப் பார்க்க வாய்ப்பற்றவர் பலர் உளர். ஆண்டு முழுதும் பரீட்சை எழுதி, புள்ளியறிக்கை ஒன்றும் பெறாத மாணவனின் நிலை இது. அவனுக்குப் படிப்பில் ஊக்கம் எங்ஙனம் பிறக்கும்?

தாதிமைத் தொழிலும் கணக்கும் வேறு வேறானவை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அத்தொழிலின் தாய் எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய பெண்மணியாகவே பாடப்புத்தகங்கள் காட்டுகின்றன. அவர் கையில் விளக்கு மட்டும் இருக்கவில்லை. கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரரினும் நோயால் இறந்தோரே மிகுதி என்பதை மாதவாரியாக எண்ணி, வட்டத்தைச் சுற்றி விரியும் இதழ்கள் போன்ற வரைபடமாக்கி, 1858இல் அச்சிட்டு ஆட்சியாளர்முன் வைத்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளிவிபரவியற் சங்கத்தில் இடம்பெற்ற முதற் பெண்ணும் ஆனார். தாதியர் பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கியது அதற்குப் பின்னர், 1860இல். எண்ணி அறிந்தவர் அவ்வெண்ணைக் கொண்டே மருத்துவமனைகளை மாற்றினார். எண்ணுபவர் ஒருவர், ஆராய்பவர் வேறொருவர் என்ற பிரிவினை பின்னாளில் வந்தது.

ஆதலால், கணினிப் பயிற்சி என்று சொல்லிக் குடும்பநல மாதரைத் தட்டெழுதுவோராக ஆக்கிவிடலாகாது. தம் எண்களைத் தாமே வாசிக்கத்தக்கவராக அவரை ஆக்குவதே பயிற்சி.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒரு பிரிவில் ஆண்டுக்கு நாற்பது கர்ப்பிணிகள் பதியப்பட்டனர் என்று வைத்துக்கொள்வோம். அவருள் இருபத்தெட்டுப் பேர் எட்டு வாரம் நிறையுமுன்னரே பதிந்துவிட்டனர், பன்னிருவர் பிந்தினர். மேலிடத்து அறிக்கையில் இது எழுபது சதவீதம் என்று ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். குடும்பநல மாது தம் கைத்தொலைபேசியில் அப்பன்னிருவரின் பெயரையும் முகவரியையும் ஒருங்கே பார்ப்பாராயின், அவருள் எண்மர் ஒரே குச்சொழுங்கையினர் என்பது கண்ணிற் படலாம். அங்குள்ள கணவன்மார் அடிக்கடி தொழிலுக்கென ஊர் மாறுவோர் என்பதும், அப்பெண்கள் தாய்வீட்டுக்கும் புகுந்தவீட்டுக்கும் இடையே இருப்போர் என்பதும் அவருக்கு முன்னமே தெரிந்த செய்திகள். எண்ணும் அறிவும் அங்கே ஒன்றுகூடும். கொழும்பிலுள்ள எந்தப் பேரறிஞராலும் அந்தக் கூட்டலைச் செய்ய இயலாது.

தாய்வீடு என்றேன். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது நம் வழக்கம். அன்புவழிபுரத்தில் பதிந்தவள் ஏழாம் மாதம் மூதூருக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுவாள். இங்குள்ள பதிவேட்டில் அவள் 'ஊரில் இல்லை'. அங்குள்ள பதிவேட்டில் அவள் இன்னும் ஏறவில்லை. அந்த இடைவெளியில் அவளுக்குக் குருதி அமுக்கம் உயர்ந்தால் யார் கவனிப்பார்? பதிவட்டை கையில் இருந்தால் நல்லது. பெட்டியின் அடியிற் கிடந்தால்? கணினியின் உண்மையான பயன் இவ்விடத்திலே உள்ளது. ஓர் ஊர் மாது எழுதியதை மற்றோர் ஊர் மாது அன்றே பார்க்கலாம். ஆனால் நாட்டளவில் இப்போதுள்ள முறை பெரும்பாலும் தொகை எண்களையே ஏற்கின்றது. ஒவ்வொரு தாயையும் பெயரால் தொடரும் முறைக்குப் போவோமாயின், பயிற்சி இன்னும் நுட்பமாக வேண்டியிருக்கும்.

அந்நுட்பங்கள் யாவை? பெரிய தத்துவங்கள் அல்ல. முதலாவது, திகதி. 03/07 என்று எழுதினால் நமக்கு அது ஜூலை 3. மாதத்தை முன்வைக்கும் அமெரிக்க வழக்கில் அமைத்த கணினிக்கு அது மார்ச் 7. கடைசி மாதவிடாய்த் திகதி ஜூலை 3 ஆயின் பிரசவம் ஏப்ரில் 10 அளவில். மார்ச் 7 ஆயின் டிசம்பர் 14 அளவில். ஏறக்குறைய நான்கு மாதம் பிசகிவிடும். மாதத்தை எழுத்தால் எழுதும் பழக்கம் ஒன்றே இதற்கு மருந்து.

இரண்டாவது, பூச்சியமும் வெற்றிடமும். நிறை குறைந்த குழந்தை ஒன்றும் இல்லை என்பது பூச்சியம். தராசு பழுதாகி நிறுக்கவே இல்லை என்பது வெற்றிடம். முன்னதை மகிழ்ச்சியோடு அறிவிக்கலாம். பின்னதை அவசரமாக அறிவிக்கவேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் ஒரே விதமாக இட்டால், தராசு இல்லாத ஊர் நோயில்லாத ஊராகக் கணக்கில் ஏறிவிடும்.

மூன்றாவது, பெயர். இதில்தான் நம்மவர் துன்பம் பெரிது. ஆங்கில எழுத்தில் பாத்திமா என்ற பெயரை எஃப் எழுத்திற் தொடங்குவாரும் உளர், பீ எழுத்திற் தொடங்குவாரும் உளர். சுப்பிரமணியத்தை எழுதும் வகைகளுக்கு ஓர் அளவில்லை. மணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, மணத்துக்குப் பின் கணவனின் முதலெழுத்து. ஒரு பெண் மூன்று பெண்களாகிவிடுவாள். அல்லது தேடியபோது இல்லாதவளாகிவிடுவாள். தமிழ்ப் பெயரைத் தமிழில் எழுதினால் இத்தொல்லையிற் பெரும்பகுதி தீரும். யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்துக் கொடுத்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. இன்று ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் தமிழ் எழுத்து இருக்கின்றது. இருந்தும், பயிற்சி வகுப்பு என்றால் ஆங்கிலத் திரையும், விளங்காத மொழியில் விளக்கமுமாக நடக்கும் நிலை சில இடங்களில் இன்னமும் உண்டு. தமிழில் நோய் கேட்டு, தமிழில் ஆறுதல் கூறி, தமிழிற் பதிவேடு எழுதும் ஒருவருக்கு, கணினி மட்டும் வேறு மொழியிற் பேசுவானேன்?

நான்காவது, மறைகாப்பு. இதனை இறுதியிற் சொன்னாலும் கடைப்பட்டதன்று. பதிவேடு பையில் இருந்த காலத்தில் அதனை எடுத்துப் பார்க்க ஒருவன் பையைத் திறக்கவேண்டும். இன்று பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் இடுவதற்கு ஒரு கணம் போதும். வேலைச் சுமையில், நல்லெண்ணத்தோடேயே அவ்வாறு செய்பவர் இருக்கலாம். ஊர் சிறியது. மணமாகாத ஒரு பெண்ணின் கர்ப்பம், ஒரு குடும்பம் மறைத்து வைத்த நோய், கருத்தடைக்கு ஒருத்தி கேட்ட உதவி, இவற்றுள் ஒன்று கசிந்தால் அப்பெண் மாத்திரமன்று, அவ்வொழுங்கைப் பெண்கள் அனைவரும் அடுத்த முறை படலையைத் திறக்கத் தயங்குவர். அப்போது எட்டு வாரத்துக்கு முன் பதிவதாவது! 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைத் தனிக் கவனத்துக்குரியதாக வகுத்திருக்கிறது. சட்டத்தின் பிரிவுகளை ஒப்புவிக்கச் சொல்வது வீண் வேலை. கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதே, தொலைபேசியைப் பூட்டாது பிள்ளைகளிடம் விளையாடக் கொடாதே, பெயருள்ள தாளைப் படம்பிடித்து அனுப்பாதே என்று மூன்று வழக்கங்களைக் கையிற் பழக்கினாற் போதும்.

இனி, சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில், கிராம சுகாதாரச் செவிலியர் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவராகப் பணிபுரிகின்றனர். அங்கே 2008 முதல் 'பிக்மி' என்னும் கணினிப் பதிவு நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலான மகப்பேற்று உதவித்தொகைக்கும், குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அந்த எண் வேண்டும். தாய் ஒருத்தியும் விடுபடாதிருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் அச்செவிலியர் பலகாலும் எழுப்பிய முறைப்பாடு யாது? பகலெல்லாம் களத்தில் நின்று, இரவில் கணினிமுன் அமரவேண்டியிருக்கிறது. பதிவேட்டில் எழுதியதையே மறுபடியும் தட்டவேண்டியிருக்கிறது என்பதே. அம்முறைப்பாட்டை நாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுதல் நலம். புதியது ஒன்றைக் கொடுக்கும்போது பழையது ஒன்றை எடுத்தாகவேண்டும்.

எதனை எடுப்பது? பதிவேடு முழுவதையும் எரித்துவிடலாம் என்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரத்து மருத்துவ நிலையங்களை அழித்தபோது காகிதமும் அவற்றோடு போயிற்று என்பது மெய்யே. ஆயின் 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களையும் நாம் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வீசியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல ஊர்களில் ஒருங்கே அற்றுப்போயின. அப்போது கையிலிருந்தது தாயின் பதிவட்டையும் பென்சிலுந்தான். ஆகவே தாயின் கையிலுள்ள அட்டை இருக்கட்டும். வீட்டுத் தரிசிப்பின்போது எழுதும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். எடுக்கவேண்டியது மாத முடிவில் நிகழும் எண்ணலையும் கூட்டலையும். அந்த வேலைக்கென்றே பிறந்த இயந்திரம் இருக்க, அதனை ஒரு மனிதப்பிறவி இரண்டு நாள் இருந்து செய்வது வீண். அந்த இரண்டு நாளும் வீடுகளுக்கு உரியவை.

பயிற்சி நடத்தும் முறையிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒருவரை வேலையிலிருந்து பிரித்து, தூரத்து நகரத்து மண்டபத்தில் இரண்டு நாள் இருத்தி, கணினியின் தந்தை யார், அதன் பாகங்கள் யாவை என்று தொடங்கும் வகுப்பால் விளையும் பயன் சான்றிதழ் ஒன்றே. சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் மாதந்தோறும் குடும்பநல மாதர் அனைவரும் கூடும் மாநாடு ஒன்று உண்டு. அதிலே ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அவரவர் சென்ற மாதத்து எண்களையே பாடமாக வைத்தால், எட்டு மாதத்தில் எட்டுப் பாடம் முடிந்துவிடும். திகதி ஒரு மாதம், பெயர் ஒரு மாதம், வரைபு வாசித்தல் இரண்டு மாதம் என்று போகலாம். மறந்ததை அடுத்த மாதம் கேட்கலாம் என்ற துணிவும் இருக்கும்.

வகுப்பில் யாரை யாருக்கு அருகில் இருத்துவது என்பது ஆசிரியத் தொழிலில் பாதி. இளம் உத்தியோகத்தருக்குத் திரையைத் தொடக் கூச்சமில்லை. ஆனால் எதனைத் தேடவேண்டும் என்பது அனுபவத்தால் வரவேண்டும். ஐம்பதைக் கடந்த அம்மையாருக்கு எந்த வீட்டில் எதனைக் கேட்கவேண்டும் என்பது அத்துபடி; விரல் மட்டும் தயங்கும். இருவரையும் ஒரு கணினிக்கு முன் அருகருகே இருத்தினால் ஆசிரியர் பேசவேண்டியது குறையும். மூத்தவர் முன்னிலையில் இளையவரை எழுப்பிப் புகழ்தலும், தட்டத் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்தலும் அறவே கூடா. பிள்ளைகளே பொறுக்கமாட்டார், நூறு பிரசவம் பார்த்தவர் எப்படிப் பொறுப்பார்?

இடம் எங்கே, கணினி எங்கே என்று கேட்பார்க்கு விடை அருகிலேயே உண்டு. நம் மாவட்டத்துப் பாடசாலைகள் பலவற்றிற் கணினிக் கூடங்கள் உள்ளன. பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடுகின்றது. அதன்பின் அக்கூடங்கள் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமைகளிற் பெரும்பாலும் அவ்வாறே. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும், உயர்தர வகுப்பு மாணவியர் இருவர் மூவரும் உதவிக்கு நின்றால், ஒரு பிரதேசத்துக் குடும்பநல மாதர் அங்கே வந்து மாதம் இருமுறை பழகிக்கொள்ளலாம். தாய்மாரின் பெயருள்ள பதிவேடுகள் அக்கூடத்துக்கு வரலாகா. பழகுவதற்குப் புனைபெயர்கள் போதும். இதற்குக் கல்வி வலயத்தின் அனுமதியும் சுகாதாரப் பணிமனையின் கடிதமும் வேண்டும். மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்ற கேள்வியும் வரும். எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி அதுவே. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் முன் இதனை வைக்கும் அதிபர்களுக்கு நான் கூறக்கூடியது ஒன்று. அச்சங்கத்திலே அமர்ந்திருக்கும் பெற்றோருள் அந்த மிஸ்ஸியின் கையால் நிறுக்கப்படாத பிள்ளையை உடையவர் எவரேனும் உளரா என்று கேட்டுவிட்டு, அதன்பின் கட்டணப் பற்றுச்சீட்டை மேசைமீது வையுங்கள்.